வெறுமையும் வெட்டவெளியும்: ஜென் அமர்வு பற்றிய வாசகர் கேள்விகள்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஜென் தியானம் பற்றிய நான்கை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் வயதும் வாழ்க்கையும் வேறு வேறு. ஆனால் நால்வரும், அமைதியைத் தேடி அமர்ந்தபோது அமைதிக்குப் பதிலாக வெறுமையோ, அச்சமோ, அழுகையோ வந்து நின்றால் என்ன செய்வது என்றே கேட்கிறார்கள்.

கேள்வி: ஆறு ஆண்டுகள் படுக்கையில் இருந்த என் தாயார் ஏழு மாதங்களுக்கு முன் காலமானார். அவரை நான்தான் பார்த்துக்கொண்டேன். அதன்பின் இணையவழி வகுப்பு ஒன்றில் ஜென் தியானம் கற்றுக்கொண்டு, தினமும் காலையில் அரை மணி நேரம் சுவரைப் பார்த்து அமர்கிறேன். பத்து நிமிடங்களுக்குள் நெஞ்சுக்குள் எதுவுமே இல்லாததுபோல் ஒரு வெறுமை வருகிறது. சில நாள் அழுதுவிடுகிறேன். உடன் பயிலும் ஒருவர், "அதுதான் சூனியதா, நீங்கள் முன்னேறிவிட்டீர்கள்" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் சொல்வது சரி? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: சகோதரி, உங்களுக்குத் தோன்றுவதுதான் சரி. உடன் பயில்பவர் ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். இருந்தாலும், தாயை இழந்த துக்கத்துக்கு ஞானம் என்று பெயர் வைத்துவிட்டால், அழவேண்டியவர் அழ முடியாமல் போய்விடுகிறது.

தமிழில் இந்தக் குழப்பத்துக்குச் சொற்களே பாதிக் காரணம். சூனியம் என்றால் நம் காதில் முதலில் விழுவது செய்வினை. பாழ் என்றால் இடிந்த வீடு. வெறுமை என்றால், நெருங்கியவர் ஒருவர் போனபின் வீட்டில் மிஞ்சும் உணர்வு. பௌத்தர்கள் சூன்யதா என்று சொன்னது இம்மூன்றில் எதுவுமே இல்லை. பௌத்தத் தத்துவ ஆசான் நாகார்ஜுனர் அதைச் சார்ந்து தோன்றுதலோடு சேர்த்தே விளக்கினார். எந்தப் பொருளும் தன்னந்தனியாக, தன் பலத்திலேயே நிற்பதில்லை. பலவற்றைச் சார்ந்தே தோன்றுகிறது, சார்பு மாறும்போது தானும் மாறுகிறது. அப்படித் தனித்து நிற்கும் தன்மை இல்லாமையே சூன்யதா. நமக்கு இது புதிதும் அன்று. மணிமேகலையின் கடைசிக் காதை, பேதைமையில் தொடங்கி ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் பன்னிரண்டு நிலைகளை நல்ல தமிழில் அடுக்கிச் சொல்கிறது. இந்தக் கருத்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போனபோது, அங்குள்ளவர்கள் சூன்யதாவுக்கு எடுத்துக்கொண்ட எழுத்து, ஜப்பானிய அன்றாட வழக்கில் வானத்தையும் குறிக்கிற எழுத்து. ஆகவே என்னைக் கேட்டால், வெறுமை என்பதைவிட வெளி என்று சொல்வதே அதற்கு நெருக்கம். வெளியில் மேகம் வரலாம், மழை பெய்யலாம், அதற்குள் உங்கள் அழுகைக்கும் இடம் உண்டு.

உங்கள் நெஞ்சில் இருப்பது வெறுமைதான், வெளி அன்று. ஆறு ஆண்டுகள் உங்கள் கைகளுக்கு விடியற்காலையிலேயே வேலை இருந்தது. அந்த வேலை ஒரே நாளில் நின்றுவிட்டது. என் தந்தை மறைந்தபின் பல வாரங்கள், மாலை ஆறு மணி ஆனதும் என் கை தானாகவே குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, கதவின் மேல்தட்டில் இன்சுலின் குப்பியைத் தேடும். அங்கே புளிக்காய்ச்சல் பாட்டில் ஒன்று இருக்கும். அதைப் பார்த்தபடி, கதவைக்கூட மூடாமல் நின்றிருக்கிறேன். அந்த நேரத்தில் யாராவது வந்து, "இதுதான் சூனியதா" என்று சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

ஜென்னின் ஒரு பிரிவான சோட்டோ மரபை ஜப்பானில் நிறுவிய டோகன் (1200–1253) சிறுவனாக இருந்தபோதே தாயை இழந்தவர். ஈமச்சடங்கில் ஊதுவத்தியின் புகை எழுந்து கலைவதைப் பார்த்தபோதுதான் நிலையாமை அவர் மனத்தில் தைத்தது என்று அந்த மரபில் சொல்வார்கள். அவர் சீனாவிலிருந்து 1227இல் திரும்பி வந்ததும் எழுதிய தியானக் குறிப்பில், துக்கத்தை ஒழிக்கும் மந்திரம் எதுவும் இல்லை. அமைதியான அறை, தடித்த விரிப்பு, அளவான உணவு, நிமிர்ந்த முதுகு, மூச்சு என்று உடம்பைப் பற்றியே பேசுகிறார். நீங்களும் உடம்பிலிருந்தே தொடங்குங்கள்.

அரை மணி நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கண்களை மூடாதீர்கள், ஜென் அமர்வில் கண் பாதி திறந்தே இருக்க வேண்டும், பார்வை சற்றுத் தாழ்ந்து எதிரே விழ வேண்டும். கண்ணை மூடினால் மனம் பழைய காட்சிகளுக்குள் இறங்கிவிடும். திறந்திருந்தால் சுவரின் சுண்ணாம்புக் கீறலாவது உங்களை இந்த அறையில் பிடித்து வைத்திருக்கும். இடது கையை வலது கையின் மேல் வைத்து, இரு கட்டைவிரல்களின் நுனியும் ஒரு தாள் நழுவாத அளவுக்கு மட்டும் தொட்டிருக்கட்டும். மனம் சோர்ந்தால் அந்த விரல்கள் தாமாகச் சரியும், மனம் இறுகினால் ஒன்றையொன்று அழுத்திக் கூடாரம்போல் மேலெழும்பும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை உங்களுக்கு முன்பாகவே அவை காட்டிவிடும். வெளிமூச்சு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணாகப் பத்து வரை எண்ணி, மீண்டும் ஒன்றுக்கு வாருங்கள்.

வெறுமை வரும்போது அதற்கு விளக்கம் தேடாமல், அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். தொண்டையிலா, நெஞ்செலும்பின் பின்னாலா, வயிற்றிலா? இருக்கும் இடத்தை அறிந்தபின், அதை விரட்டாமல் அடுத்த மூச்சை எண்ணுங்கள். ஜென் மரபு தன் முதல் ஆசானாகக் கொள்ளும் போதிதர்மரைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மைந்தர் என்பது சீன மரபு. காஞ்சிபுரத்தவர் என்று நம்மவர் கொண்டாடுவது அதைக் கொண்டுதான். சுவரைப் பார்த்து அமர்ந்திருந்த அவரிடம், பின்னாளில் அவருடைய சீடரான ஹுய்கே வந்து, "என் மனத்துக்கு அமைதியில்லை, அமைதி தாருங்கள்" என்றார். "அந்த மனத்தைக் கொண்டு வா, தருகிறேன்" என்றார் போதிதர்மர். தேடிப் பார்த்த ஹுய்கே, "எவ்வளவு தேடியும் அகப்படவில்லை" என்று சொன்னதும், "அப்படியானால் தந்துவிட்டேன்" என்றார். இதைச் சாமர்த்தியமான பதில் என்று பலரும் ரசிப்பார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஹுய்கே தேடிய அந்த நேரம். துயரத்தை விட்டு ஓடிக்கொண்டிருந்தவர் முதல்முறையாகத் திரும்பி நின்று அதைத் தேடினார்.

அழுகை வந்தால் அழுங்கள். அமர்வு கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அழுகை பெருகி மூச்சைக் கவனிக்கவே முடியாமல் போனால் எழுந்து நடங்கள். மடங்களிலும் இரண்டு அமர்வுகளுக்கு நடுவே மெதுவாக நடக்கும் முறை உண்டு. இன்னும் சில மாதங்களுக்குப் பிறகும் வீட்டு வேலையோ வெளி வேலையோ செய்ய முடியாத அளவுக்கு இந்தத் துக்கம் அப்படியே நின்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். நீடித்த துக்கம் என்பதற்கு மருத்துவத்தில் இன்று தனிப் பெயரும் தனிச் சிகிச்சையும் உண்டு.

கேள்வி: எனக்கு வயது 24. ஜென் நூல்களை இரண்டு ஆண்டுகளாகப் படிக்கிறேன், இரவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அமர்கிறேன். எல்லாமே சூன்யம் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. வேலை, நண்பர்கள், குடும்பம் எதிலும் பொருள் இல்லை. அப்படியென்றால் நான் இருப்பதும் இல்லாமல் போவதும் ஒன்றுதானே? (வாசகர், ஊர் குறிப்பிடவில்லை)

பதில்: தம்பி, உங்கள் தத்துவத்துக்குப் பிறகு வருகிறேன். கடைசி வரியைப் பற்றி முதலில் நேராகவே கேட்டுவிடுகிறேன்: உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு வருகிறதா? வருகிறது என்றால், இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டிலோ நண்பர்களிலோ ஒருவரிடம், இப்போது நீங்கள் எனக்கு எழுதிய அதே சொற்களில் இன்றே சொல்லுங்கள். சொல்ல ஆளில்லை என்று தோன்றினால் 14416 என்ற எண்ணை அழையுங்கள். அது மத்திய அரசின் டெலி மனாஸ் சேவை, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே ஏதாவது செய்யும் நிலையில் இருந்தால் தனியாக இருக்காதீர்கள், அருகிலுள்ள மருத்துவமனைக்கு யாரையாவது உடன் அழைத்துக்கொண்டு போங்கள்.

இனி நீங்கள் தெளிவு என்று சொல்வதைப் பார்ப்போம். சூன்யதாவைத் தவறாகப் பற்றுவது பாம்பைத் தவறான இடத்தில் பிடிப்பது போன்றது, பிடித்தவனையே அது கடிக்கும் என்று நாகார்ஜுனரே எச்சரித்திருக்கிறார். அந்தத் தத்துவத்தை வகுத்தவரே அச்சத்தோடு சொன்ன எச்சரிக்கை என்பதால் இதை எடுத்துச் சொல்கிறேன். ஜென் மடங்களில் நாள்தோறும் ஓதப்படும் இதய சூத்திரத்தில், உருவமே சூன்யதா என்ற வாசகத்தை ஒட்டியே சூன்யதாவே உருவம் என்ற வாசகமும் வருகிறது. நீங்கள் முதல் பாதியோடு நின்றுவிட்டீர்கள். பொருள்கள் தனித்து நிற்பதில்லை என்றால், அவை ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதும் அதில் அடக்கம். உங்கள் தாயார் உங்களையும், நீங்கள் அவரையும் சார்ந்தே இருக்கிறீர்கள். எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தது என்று உண்மையிலேயே கண்டவரிடத்தில் பிறர்மீது கனிவு கூடும். உங்கள் கடிதத்தில் இருப்பதோ யாரையும் தொட முடியாத ஒரு தூரம். எதிலும் ஈடுபாடின்மை, எல்லாம் பயனற்றதென்ற எண்ணம், தன்னைப் பற்றிய தாழ்வு, தூக்கமும் பசியும் குலைவது ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாள்களில் இருந்தால், அதை மனச்சோர்வு நோயா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். நோய்க்குத் தத்துவத்தின் மொழியில் பேசவும் தெரியும். படிப்பாளிகளிடம் அது அப்படித்தான் பேசும்.

இரவு அமர்வை இப்போதைக்கு அடியோடு நிறுத்துங்கள். நூல்களையும் மூடி வையுங்கள். சீனத்து ஜென் ஆசான் பைஜாங் (720–814), உழைக்காத நாளில் உண்பதில்லை என்று வாழ்ந்தவர். வயதான காலத்தில் சீடர்கள் இரக்கப்பட்டு அவருடைய வேளாண் கருவிகளை ஒளித்து வைத்தபோது, அவற்றைத் திருப்பித் தரும்வரை சாப்பிட மறுத்துவிட்டார் என்பார்கள். மடத்து வாழ்க்கையில் விறகு, தண்ணீர், சமையல், பெருக்குதல் எல்லாம் அமர்வுக்கு இணையான பயிற்சி. உங்களுக்கு இப்போது வேண்டியது அந்தப் பாதி. வெயிலில் நடப்பது, யாரோடாவது சேர்ந்து உண்பது, சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவி வைப்பது, நேரத்தில் படுப்பது ஆகியவற்றையும் மருத்துவர் சொல்வதையும் செய்யுங்கள். உடம்பு தேறியபின், தனியாக இல்லாமல் ஓர் ஆசிரியரின் கண்பார்வையில் அமர்வைத் தொடரலாம். அடுத்த மாதம் எனக்கு மறுபடி எழுதுங்கள். எதிர்பார்த்திருப்பேன்.

கேள்வி: மனச்சோர்வுக்கு மூன்றாண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறேன். அண்மையில் சென்ற தியான முகாமில், "மாத்திரை மனத்தை மழுக்கும், அதை விட்டால்தான் தியானம் கைகூடும்" என்றார்கள். விட்டுவிடலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: விடாதீர்கள். இத்தகைய மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கக் கேடு, எரிச்சல், தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோன்ற உணர்வு முதலியவை வரக்கூடும். அவற்றைவிடப் பெரிய ஆபத்து, நோய் திரும்புவது. குறைப்பதா, நிறுத்துவதா என்பதை மருந்து எழுதிய மருத்துவரோடு பேசியே முடிவு செய்ய வேண்டும். மருத்துவம் படிக்காதவர்கள் ஒருவரின் மாத்திரையில் கை வைப்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. என்ன நடந்தாலும் அதன் விளைவை அனுபவிப்பவர் முகாம் நடத்துபவர் இல்லை.

இத்தனைக்கும் ஜென் மரபே இதை அறியாததன்று. ஜென்னின் மற்றொரு பிரிவான ரின்சாய் மரபுக்குப் புத்துயிர் தந்த ஹகுயின் (1686–1769) இளமையில் ஓய்வின்றிக் கடுமையாகப் பயின்று நோயில் விழுந்தார். அவரே எழுதி வைத்திருக்கிறார்: தலை கொதித்தது, கால்கள் பனியில் முக்கியதுபோல் சில்லிட்டன, காதுகளில் ஓடையின் இரைச்சல் கேட்டது, எதற்கெடுத்தாலும் அச்சம், உறக்கத்திலும் விழிப்பிலும் மாயத் தோற்றங்கள், ஓயாது வியர்க்கும் அக்குள், நீர் வடியும் கண்கள். ஜென் நோய் என்றே இதற்குப் பெயர் உண்டு. இன்னும் கடுமையாக அமர்ந்து இதைத் தாண்டு என்று ஹகுயின் தமக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. மருத்துவம் தேடி அலைந்தார். கடைசியில் கியோட்டோ அருகே மலைக்குகையில் வாழ்ந்த ஹகுயூ என்ற முனிவரிடம் ஒரு முறையைக் கற்றதாகக் கூறுகிறார். வாத்து முட்டை அளவு நறுமண வெண்ணெய் உச்சந்தலையில் இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். உடம்புச் சூட்டில் அது மெல்ல உருகி, தலையை நனைத்து, தோள்களில் வழிந்து, நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இறங்கி, கால் வழியே உள்ளங்கால் வரை சென்று சேர்வதை ஒவ்வோர் இடமாக உணர வேண்டும். தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் கை எப்படியிருக்கும் என்று அறிந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமமே இல்லை. உடம்பிடம் கனிவாக இருப்பதையே தமக்கு மருந்தாகக் கொண்ட ஹகுயின், எண்பது வயதைக் கடந்தும் கற்பித்துக்கொண்டிருந்தார்.

தியானம் எல்லோருக்கும் எப்போதும் நன்மையே செய்யும் என்ற எண்ணத்தையும் நாம் கைவிட வேண்டும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜென் உள்ளிட்ட பௌத்த மரபுகளில் பயிலும் 60 பேரிடம் விரிவாகப் பேசி 2017இல் வெளியிட்ட ஆய்வில், தியானத்தின்போது அச்சம், உணர்ச்சி மரத்துப்போதல், தன்னைத் தானே அந்நியமாக உணர்தல் முதலிய பல இடர்கள் பதிவாகியுள்ளன. மறுபக்கமும் உண்டு. மனக்கவனப் பயிற்சியையும் அறிவாற்றல் சிகிச்சையையும் இணைத்து எட்டு வாரங்கள் நடத்தப்படும் முறையை 2000இல் சோதித்தபோது, மூன்றோ அதற்கு மேலோ முறை மனச்சோர்வுக்கு உள்ளானவர்களில் நோய் திரும்பியவர்களின் விகிதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரிடம் 66 சதவீதமாகவும், இதையும் சேர்த்துப் பெற்றோரிடம் 37 சதவீதமாகவும் இருந்தது. ஆனால் அது நோய் தணிந்திருந்தவர்களுக்கு, அது திரும்பாமல் காக்க வகுத்த முறை. நோயின் ஆழத்தில் இருப்பவரை நாள்முழுவதும் மௌனமாக உட்காரவைப்பதற்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது. நீங்கள் நலமாக இருக்கும் நாள்களில், மாத்திரையோடு, மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டுச் சிறிது நேரம் அமர்வதில் தவறில்லை. காலையில் மாத்திரையை விழுங்கும்போது அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்குவதைக் கவனித்தால், அதையும் நான் ஜென் பயிற்சி என்றே சொல்வேன்.

கேள்வி: ஓய்வு பெற்றவன், வயது 67. சென்ற ஆண்டு மனைவி தவறிவிட்டாள். பிள்ளைகள் வெளிநாட்டில். கொடைக்கானல் பக்கம் ஜென் நிலையம் இருப்பதாகக் கேள்வி. நேராக ஏழு நாள் முகாமில் சேர்ந்துவிடலாம் என்றிருக்கிறேன். முழங்கால் மடங்காது. போகலாமா? (வாசகர், மதுரை)

பதில்: ஐயா, நீங்கள் சொல்வது கொடைக்கானலை அடுத்த பெருமாள்மலையில் உள்ள போதி ஜென்டோ. இயேசு சபைத் துறவியான ஆமா சாமி, ஜப்பானின் காமகுராவில் யமதா கோவுனிடம் பயின்று வந்து, 1996இல் தொடங்கிய நிலையம் அது. சமய வேறுபாடு பாராமல் அங்கே அமரலாம்.

முழங்கால் ஒரு தடையே இல்லை. நாற்காலியில் முன்விளிம்பை ஒட்டி அமர்ந்து, முதுகைச் சாய்க்காமல் பாதங்களைத் தரையில் பதித்தால் போதும். ஆனால் தொடக்கத்திலேயே ஏழு நாள் முகாம் வேண்டாம் என்பேன். அந்நாள்களில் பேச்சு கிடையாது, அமர்வு அமர்வாக நாள் முழுவதும் போகும். ஓராண்டாகத் தனி வீட்டில் மௌனத்தோடு இருப்பவருக்கு மேலும் மௌனம் மருந்தாகுமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. முதலில் அறிமுகப் பயிற்சி உண்டா என்று கேட்டு, இரண்டு மூன்று நாள் மட்டும் தங்கிவிட்டு வாருங்கள். மனைவியின் மறைவையும், உங்கள் மருந்துகளையும், தூக்கம் எப்படியிருக்கிறது என்பதையும் போகுமுன்பே எழுதித் தெரிவித்துவிடுங்கள். ஆசிரியரைத் தனியே சந்தித்துப் பேசும் வழக்கம் ஜென்னில் இன்றியமையாதது. அந்தச் சந்திப்பில் தத்துவக் கேள்வி எதையும் தயாரித்துக்கொண்டு போக வேண்டாம். வீட்டுக்குள் நுழையும்போது எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அதுவரை வீட்டில் பத்து நிமிடம் போதும். அமர்வு முடிந்ததும் தெருமுனைக் கடைவரை நடந்துபோய், தெரிந்தவர் ஒருவரோடு நின்று தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். மலைக்குப் போகும்போது கம்பளியும் காலுறையும் மறக்க வேண்டாம். விடியற்காலை அமர்வில் குளிர் முதலில் பாதத்தில்தான் ஏறும்.